பைலட்டுக்கு ஒரு மூடி

எங்கள் ராயபுரத்தில் அந்தக் காலத்தில் பைலட் என்று சொன்னால் யாரும் ஆகாயத்தைப் பார்க்கமாட்டார்கள், கடலைத்தான் பார்ப்பார்கள். துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும் கப்பலில் ஏறி, அதை அலுங்காமல் குலுங்காமல் உள்ளே கொண்டுவந்து சேர்ப்பவர்தான் எங்களுக்கு பைலட். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. அந்த பைலட்டைக் கரையிலிருந்து கப்பல்வரை கொண்டுபோய் விடும் மோட்டார் படகை ஓட்டியவர் என் நைனா.

அதனால் என் அண்ணன் விமானக் கம்பெனியில் பைலட்டாகச் சேர்ந்த செய்தி பரவியதும், தெருவில் பாதிப் பேர் "எந்தக் கப்பல்ல?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் கேட்டது அதைவிட அழகு. "அப்போ இனிமே உங்க வூட்ல சீமைச் சரக்குதான்னு சொல்லு!"

ஏன் அப்படிக் கேட்டார்கள் என்றால், கப்பலைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டியதும் வெளிநாட்டு கேப்டன் பைலட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பது உண்டு. கரையில் மதுவிலக்கு. ஒரு சொட்டு தொட்டாலும் போலீஸ் பிடிக்கும். கப்பலில் மட்டும் அவர்கள் ராஜ்ஜியம். படகில் காத்திருக்கும் நைனாவுக்கும் எப்போதாவது ஒரு பாட்டில் கயிற்றில் இறங்கி வரும். அதை அவர் குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு பைலட்டும் கிளாஸும் ஒன்றாகவே பிறந்தவை. அதைப் பிரித்துப் பார்க்கவே அவருக்குத் தெரியாது.

அண்ணன் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தான். "நைனா, அவங்க கப்பல கட்டிட்டு குடிக்கிறாங்கோ. நான் ஏரோப்ளேன எடுக்கறவன். பறக்கறதுக்கு மொதநாள் சாயங்காலத்துலேர்ந்து ஒரு சொட்டு நாக்குல படக்கூடாது."

"மின்னாடி இன்னா, பின்னாடி இன்னா? வவுத்துக்குத் தெரியுமா?" என்றார் நைனா.

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன பேச? அண்ணன் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவான். எனக்குத்தான் சுள்ளென்று ஏறும். படகுக்காரர் மகன், தேசிய மாணவர் படையில் சேர்ந்து, அரசாங்க உதவியில் விமானம் ஓட்டப் படித்து, பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு போட்டி போட்டு உள்ளே நுழைந்திருக்கிறான். அப்போதுதான் துணை பைலட்டாக உட்கார ஆரம்பித்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரே ஒரு புகார் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். குடித்திருக்கிறானா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது எங்கள் ஊரில் கிடையாது. அவனவன் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

இந்த லட்சணத்தில் என் கல்யாணம் வந்தது. அண்ணனுக்குக் கல்யாணத்தன்று மட்டும்தான் லீவு. மறுநாள் விடிந்ததும் மதுரை விமானத்தில் அவனுக்கு வேலை. நான் அன்றே தீர்மானித்துவிட்டேன், மணப்பெண் வேலை அப்புறம், காவல்காரி வேலை முதலில்.

அம்மா கிறிஸ்துமஸுக்காக ஜாடியில் போட்டிருந்த திராட்சை ஒயினைக் கட்டிலுக்கடியில் தள்ளி அறையைப் பூட்டினேன். ரம்மில் ஊறிய திராட்சை போட்ட கேக்கை அண்ணன் பக்கம் கொண்டுவரவே கூடாது என்றேன். அத்தைக்கு மூக்குமேல் கோபம். "ஒயினு சாராயமாமே? கோயில்ல சாமியாரே குடிக்கிறாரு!"

"சாமியார் ஏரோப்ளேன் ஓட்டலியே அத்தே!" என்றேன். அத்தை அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. போகட்டும்.

பெரிய சிக்கல் டோஸ்ட்டில் வந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கேக் வெட்டியதும் பெண்ணின் அப்பாவும் மூத்த அண்ணனும் கிளாஸைத் தூக்கி, பெண் நல்லா இருக்கணும் என்று நாலு வார்த்தை சொல்லி, ஒன்றாகக் குடிக்கவேண்டும். கிளாஸில் ஒயின் இருக்கவேண்டும். வீட்டில் போட்டது என்று போலீஸும் அதைக் கண்டுகொள்ளாது. நைனா இதற்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். மகனோடு கிளாஸைத் தட்டிக் குடிக்கவேண்டும், அதைத் துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கவேண்டும்.

"அண்ணனுக்குக் கலர் ஊத்து நைனா. சோப்பு கலர் வாங்கினா ஒயின் மாதிரியேதான் இருக்கும். யாருக்குத் தெரியும்?" என்றேன். சோப்பு என்றால் சிவப்பு. கலர் என்றால் வேறு ஒன்றுமில்லை, கடையில் விற்கும் இனிப்பு சோடா.

"கலர ஊத்திகினு டோஸ்ட் சொன்னா வாழப்போற பொண்ணு எப்டிமே நல்லா இருக்கும்? கடவுளுக்குத் தெரியாதா?"

"உனக்கு மவன் வேலை முக்கியமா, இல்ல ஒயின் முக்கியமா?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே "சரி, உன் இஷ்டம்" என்றார். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

அடடா, அந்தக் கல்யாணம்! சும்மா சொல்லக்கூடாது, தெருவை அடைத்துப் பந்தல், சீரியல் பல்பு, பேண்டு வாத்தியம், பிரியாணி வாசனை கடற்கரைவரை. வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடும் கிரீடமுமாக நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையை எங்கே பார்த்தேன்? அண்ணன் கையில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்கவே கண் சரியாக இருந்தது. ஒருவர் மோர் கொடுத்தால்கூட, "அது என்னாது?" என்று மேடையிலிருந்தே கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோயிருப்பார்கள்.

கேக் வெட்டியாயிற்று. அப்போதுதான் விளக்கு வைத்த நேரம். நைனா இரண்டு கிளாஸோடு வந்தார். அவருடையதில் ஒயின், அண்ணனுடையதில் கலர். நாலு வார்த்தை சொன்னார். "எம் பொண்ணும் மாப்பிள்ளையும் கடல் மாதிரி குறையாம இருக்கணும்" என்றார். கூட்டம் கை தட்டியது. இரண்டு பேரும் கிளாஸைத் தட்டிக் குடித்தார்கள்.

அண்ணன் ஒரு வாய்தான் குடித்தான். கிளாஸ் உதட்டிலேயே நின்றது. முகம் மாறிவிட்டது. மெதுவாகக் கிளாஸைக் கீழே வைத்தான். என்னிடம் குனிந்து வந்து, யாருக்கும் கேட்காமல், "பாப்பா, இதுல சரக்கு கீது. போன் எங்க கெடைக்கும்?" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எடுத்து முகர்ந்தேன். ஆமாம்! ரம்! சர்க்கரை வாசனைக்கு அடியில் ஒளிந்துகொண்டு இருக்கிறது. எந்தப் பாவி வேலை இது?

தெருவில் போன் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான், மூலையில் இருந்த மருந்துக்கடையில். கடைக்காரர் எங்கள் பந்தலில்தான் பிரியாணியில் கை வைத்திருந்தார். "சாவி! சாவி குடுங்கண்ணே!" என்று நான் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். அவர் எலும்பைக் கீழே வைக்க மனமில்லாமல் எழுந்துவந்தார். நெட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால், அண்ணன் பின்னால், எச்சில் கையோடு கடைக்காரர். தெரு நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. என் வீட்டுக்காரர் கேக் வெட்டிய கத்தியோடு மேடையில் தனியாக நின்றாராம். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

கடையைத் திறக்கும்போது மூச்சிரைக்க நைனா வந்து சேர்ந்தார்.

"டேய், வாணாம்டா! ஒரு மூடிடா! ஒரே ஒரு மூடிதான் ஊத்தினேன்!"

நான் திரும்பினேன். "நைனா! நீயா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, கப்பல் ரம்மை ஊற்றி வைத்திருந்த ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். "வெறும் கலர்ல டோஸ்ட் சொல்லி, நாளிக்கி உனக்கு ஒரு கஷ்டம் வந்தா நான் இன்னா பண்ணுவேன்மே? சாஸ்திரத்துக்கு ஒரு மூடி. கலந்தா தெரியாதுன்னு நெனச்சிகினேன்."

திட்ட வாயைத் திறந்தேன். எனக்கு வந்தது அழுகைதான். அவ்வளவு கோபத்திலும் அந்த மனிதரை வெறுக்க முடியவில்லை. எனக்காக மகனுடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, அது தெரியாமல் மூடியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அண்ணன் போனைக் கையில் எடுத்துவிட்டான். நைனா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சல்னு சொல்லுடா. பேதின்னு சொல்லு. எவன் வந்து பாக்கப் போறான்?"

"இன்னிக்கி காய்ச்சல்னு சொன்னா, அடுத்த வாட்டியும் காய்ச்சல்னுதான் சொல்லத் தோணும் நைனா. அப்புறம் ஒருநாள் அதையும் சொல்லாம போய் உக்காந்துடுவேன்" என்றான் அண்ணன்.

மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "தம்பி, குடிச்சேன்னு போன்ல சொல்றியே, மதுவிலக்கு கேஸ் ஆய்டும்பா. யாரு குடுத்தா, எங்கேர்ந்து வந்ததுன்னு தோண்டினா உங்க நைனாதான் உள்ள போவணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் குடித்தேன் என்று சொன்னால் அண்ணன் வேலை தப்பிக்கும், நைனா மாட்டுவார். தானாகக் குடித்தேன் என்று சொன்னால் நைனா தப்பிப்பார், வேலை போய்விடும். கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தவர் என்றால் துறைமுகத்திலும் நைனாவைச் சும்மா விடமாட்டார்கள். அம்மா தாயே, என் கல்யாண நாளில் இப்படி ஒரு கணக்கா?

அண்ணன் தன் ஆபீஸைக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினான். எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். "நாளைக் காலை நான் பறக்கக்கூடாது. குடித்திருக்கிறேன். வேறு ஆளைப் போடுங்கள்." மறுமுனையில் இருந்தவர் குரல் எங்களுக்கே கேட்டது. எவ்வளவு என்றார். "ஒரு வாய்." அந்த ஆள் சிரித்தார். ஒரு வாய் குடித்தவன் எவனாவது போன் பண்ணுவானா, உண்மையைச் சொல் என்றார். "அதுதான் உண்மை." யார் கொடுத்தது என்றார்.

அண்ணன் நைனாவைப் பார்த்தான். "யாரும் கொடுக்கவில்லை. நானாகத்தான் குடித்தேன்."

விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, கல்யாண வீட்டைவிட்டு எங்கும் போகாதே, டாக்டர் வருவார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னா சொன்னான்? இன்னா சொன்னான்மே?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். சாப்பாடு பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சநேரத்தில் தெருமுனையில் ஒரு கறுப்புக் கார் திரும்பியது. எங்கள் தெருவுக்குக் கறுப்புக் கார் எதற்கு வரும்? "ரெய்டு! ரெய்டு!" என்று எவனோ கத்தினான். ஐயோ, பார்க்கவேண்டுமே அந்தக் கூத்தை! பந்தலின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த துறைமுகத்துப் பெரியவர்கள் கிளாஸைப் பூந்தொட்டிகளில் கவிழ்த்தார்கள். பேண்டு மாஸ்டர் தன் கிளாஸை ஊதுகுழலுக்குள் கொட்டிவிட்டு ஊதினார், அது குமிழி விட்டது. அத்தை எங்கிருந்தோ நைனாவின் கப்பல் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வந்து என் நாற்காலிக்கு அடியில் தள்ளி, "காலை அகட்டி உக்காருமே, பொடவைய விரி!" என்றாள். கேக் சண்டையிலிருந்து பேசாதவள் பேசிய முதல் பேச்சு அது.

காரிலிருந்து இறங்கியவர் வயதானவர், கையில் தோல் பை. விமானக் கம்பெனி டாக்டர். இதற்குப் போலீஸே வந்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மேடைக்குப் பக்கத்திலேயே அண்ணனை நிறுத்தினார். வாயை ஊதச் சொல்லி முகர்ந்தார். "பிரியாணி வாசனைதான் வருது" என்றார். கண்ணில் டார்ச் அடித்தார். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அப்புறம் பந்தலின் நடுவே விரித்திருந்த கயிற்றுப் பாயின் ஓரத்தைக் காட்டி, கால்மேல் கால் வைத்து நேராக நடந்து வரச் சொன்னார். அண்ணன் கையை விரித்துக்கொண்டு நடந்தான். பந்தியில் இருந்தவர்கள் இது ஏதோ புது இங்கிலீஷ் டான்ஸ் என்று நினைத்துவிட்டார்கள். பேண்டு தாளம் பிடித்தது. கை தட்டல் வேறு. "ஒன்ஸ் மோர்!" என்று ஒரு குரல். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பாயின் ஓரத்தில்தான் எங்கள் வீட்டு எதிர்காலமே நடந்துகொண்டிருந்தது, இவர்கள் ஒன்ஸ் மோர் கேட்கிறார்கள்.

டாக்டர் கையைக் காட்டிப் பேண்டை நிறுத்தினார். "நிதானமாத்தான் இருக்கீங்க. ஒரு வாய்னு சொன்னது நிஜம்னு தோணுது. ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. தெரிஞ்சு குடிச்சீங்களா, தெரியாமலா? தெரிஞ்சு குடிச்சீங்கன்னா நான் அப்படியே சொல்லியாகணும். அப்புறம் நீங்க இந்த வேலையில இருக்க முடியாது."

"தெரிஞ்சுதான் சார்" என்றான் அண்ணன்.

"பொய் சொல்றான் சார்!"

நைனா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்வதுபோல. "நான் ஊத்தினேன் சார். கலர்ல கலந்து குடுத்தேன். அவனுக்கு ஒண்ணியும் தெரியாது. வாய்ல பட்டதும் வச்சிட்டான். என்னிய போலீசுல புடிச்சிக் குடுங்க. அவன் வேலைய மட்டும் வுட்டுடுங்க சார்."

துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதறி எழுந்தேன், "நைனா!" என்று. அவ்வளவுதான்! நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் டங்கென்று சாய்ந்து, மேடைப் பலகையில் உருண்டு, படியில் குதித்து, நேராக டாக்டரின் பூட்ஸில் போய் முட்டி நின்றது.

டாக்டர் அதைக் குனிந்து பார்த்தார். சீமை எழுத்து பளபளவென்று தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் கிரீடத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸ் முனையால் அதை மேடைக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டார். "சோடா பாட்டிலெல்லாம் ஓரமா வைங்கம்மா, யாராவது தடுக்கி விழப்போறாங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. அத்தை டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தாள். அவர் மறுக்காமல் பிரியாணி சாப்பிட்டார்.

அண்ணன் அதன்பிறகு சில வாரம் ஆபீஸில் கூப்பிட்டு விசாரிக்கப்பட்டான், பறக்க விடாமல் தரையிலேயே வைக்கப்பட்டான். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் தெரியாமல் நடந்தது என்று டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டு மறுபடியும் மேலே அனுப்பினார்கள். தலை நரைக்கும்வரை பறந்தான். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று இரவு என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

டாக்டர் சாப்பிட்டுக் கிளம்பினார். நானும் அண்ணனும் கார்வரை போனோம். நைனா எங்களுக்கு முன்னாலேயே போய்க் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் குனிந்தார். மறுபடியும் மகன் வேலைக்காகக் கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், நாளிக்கி காலீல அந்த ஏரோப்ளேன் போவுமா?"

"போகும். வேற ஆள் ஓட்டிக்கிட்டுப் போவார்."

நைனா தலையை ஆட்டினார். நகரவில்லை.

"அவர் வூட்ல இன்னிக்கி கல்யாணம் கில்யாணம் ஒண்ணியும் இல்லியே சார்?"

டாக்டர் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். நைனா சிரிக்கவில்லை. பதில் வரும்வரை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.